பித்தப்பையை உடனே கவனியுங்கள். எடைக்கான அறுவையை நிதானமாக முடிவு செய்யுங்கள்

கேள்வி:

டாக்டர் ஐயா, எனக்கு வயது 43. பினாங்கு மாநிலத்தின் பிறையில் குடியிருக்கிறோம். தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. உயரம் 155 சென்டிமீட்டர், எடை 98 கிலோ. ஆறு வருடமாகச் சர்க்கரை நோய், மாத்திரை மட்டும் சாப்பிடுகிறேன். கடைசிப் பரிசோதனையில் மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி (எச்பிஏ1சி) 9.4. போன வருடம் அரிசியையே நிறுத்தி ஒரே மாதத்தில் 8 கிலோ குறைத்தேன், திரும்ப ஏறிவிட்டது. அதன்பிறகு மூன்று முறை நள்ளிரவில் மேல்வயிறு பிடித்துக்கொண்டு, வலி வலது தோள்பட்டை வரை போனது. முதல் இரண்டு முறையும் கேஸ்ட்ரிக் என்று ஊசி போட்டு அனுப்பிவிட்டார்கள். மூன்றாவது முறை ஸ்கேனில் பித்தப்பையில் பல கற்கள் இருப்பது தெரிந்தது; பெரியது 14 மில்லிமீட்டர். பித்தப்பையை எடுக்க வேண்டும் என்கிறார்கள். பித்தப்பை போனால் சாப்பிட்டது செரிக்காது என்று மாமியார் பயப்படுகிறார். ஆப்பிள் ஜூஸும் ஆலிவ் எண்ணெயும் குடித்தால் கல் தானாக வெளியேறிவிடும் என்கிறார் அக்கா. கோலாலம்பூரில் இருக்கும் என் அண்ணி, இரைப்பையைச் சிறிதாக்கும் ஸ்லீவ் அறுவை செய்து 30 கிலோ குறைந்திருக்கிறார். எனக்கும் ஒரே மயக்கத்தில் இரண்டையும் செய்துவிட முடியுமா? வாயைக் கட்டினால் போதும், அறுவை எதற்கு என்று வீட்டில் கேட்கிறார்கள். தைப்பூசத்துக்குப் பால்குடம் வேண்டியிருக்கிறேன். விரதம் இருக்கலாமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு, வணக்கம்.

இரண்டு அறுவைகளைப் பற்றி ஒரே மூச்சில் கேட்டிருக்கிறீர்கள். இரண்டும் வயிற்றில் நடப்பவை, இரண்டுக்கும் சிறு துளைகளே போதும். அதனால் ஒரே வேலையாக முடித்துவிடலாம் என்று தோன்றுவது இயல்புதான். ஆனால் பித்தப்பை அறுவை ஒரு நோயை முடித்துவைக்கிறது. எடைக்கான அறுவையோ, வாழ்நாள் முழுக்கத் தொடர வேண்டிய ஒரு சிகிச்சையைத் தொடங்கிவைக்கிறது. முதலாவதை இனியும் தள்ளிப்போடாதீர்கள். இரண்டாவதை அவசரத்தில் முடிவு செய்யாதீர்கள். உங்களை நேரில் சோதிக்காமல் எழுதுகிறேன் என்பதை நினைவில் வைத்து, இதை உங்கள் மருத்துவரோடு பேசுவதற்கான உதவியாக எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த வலி. பித்தநீரைச் சுரப்பது கல்லீரல். நாளொன்றுக்கு அரை லிட்டருக்கும் மேல் சுரக்கிறது. பித்தப்பை அதைச் சுரப்பதில்லை. கல்லீரலுக்கு அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் அந்தச் சிறிய பை, பித்தநீரில் கொஞ்சத்தை வாங்கிக் கெட்டியாக்கிச் சேர்த்து வைக்கிறது. கொழுப்புள்ள உணவு சிறுகுடலுக்குள் இறங்கியதும் குடலிலிருந்து ஒரு ஹார்மோன் புறப்பட்டு வந்து பையைச் சுருங்கச் சொல்கிறது. பையின் கழுத்தில் கல் ஒன்று அடைத்துக்கொண்டிருந்தால், வழியில்லாமல் அந்தப் பை இறுகுகிறது. அதுதான் உங்களை நள்ளிரவில் எழுப்பியது. மாலை ஷிப்ட் முடிந்து இரவு 11 மணிக்கு நாசி கண்டார் சோறும் வறுத்த கோழியும் சாப்பிட்டுப் படுப்பவருக்கு, ஒன்றிரண்டு மணி நேரத்தில் வலி தொடங்குவது மிக வழக்கமானது. நடுவயிற்றிலோ வலது விலாவுக்குக் கீழோ தொடங்கி, முதுகுக்கும் வலது தோள்பட்டைக்கும் போகும். அரை மணியிலிருந்து சில மணி நேரம் வரை விடாமல் பிடித்து, பிறகு தானாக விட்டுவிடும். உட்கார்ந்தாலும் படுத்தாலும் குறையாது.

நம் மக்களிடம் மேல்வயிற்றில் எது வலித்தாலும் கேஸ்ட்ரிக் என்ற ஒரே பெயர்தான். ஊசி போட்டபோது வலி விட்டுப்போனதால் அந்தப் பெயர் உறுதியாகியிருக்கும். உண்மையில் கல் நகர்ந்து கொடுத்ததால் வலி நின்றிருக்கலாம். இரவு நேரத்தில், பரபரப்பான அவசரப் பிரிவில், இது தவறிப்போவது அபூர்வமில்லை. அதே மாதிரி வலி இரண்டாவது முறை வந்தாலே வயிற்று அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் கேட்டு வாங்க வேண்டும் என்பதை மற்ற வாசகர்களும் குறித்துக்கொள்ளுங்கள். ஆறு மணி நேரம் எதுவும் சாப்பிடாமல் போனால் பை நிறைந்திருக்கும், கல் தெளிவாகத் தெரியும். இந்தக் கற்களைக் கண்டுபிடிக்க விலை உயர்ந்த சிடி ஸ்கேனைவிடச் சாதாரண அல்ட்ராசவுண்டே மேல். பல பித்தக்கற்கள் சிடியில் தெரிவதே இல்லை.

கல் ஏன் வந்தது? பெரும்பாலான பித்தக்கற்கள் கொலஸ்ட்ராலால் ஆனவை. பெண்ணாக இருப்பது, நாற்பதைக் கடந்திருப்பது, பிள்ளைப்பேறு, உடல் பருமன், சர்க்கரை நோய் எல்லாமே காரணங்கள்தான். அவற்றோடு நீங்கள் எதிர்பார்த்திருக்காத ஒன்றும் உண்டு: போன வருடம் ஒரே மாதத்தில் குறைத்த அந்த 8 கிலோ. எடை வாரத்துக்கு ஒன்றரைக் கிலோவுக்கு மேல் இறங்கும்போது, உடலின் கொழுப்பு கரைந்து கல்லீரல் வழியே பித்தநீரில் கொலஸ்ட்ரால் கூடுகிறது. சாப்பாடு குறைந்துபோனதால் பையும் சுருங்காமல் கிடக்கிறது. தேங்கிய நீரில் முதலில் வண்டல், பிறகு கல். பட்டினி கிடந்து எடை குறைப்பவர்களுக்கும், எடைக்கான அறுவை செய்துகொண்டவர்களுக்கும், இப்போது பரவலாகப் போட்டுக்கொள்ளும் எடை குறைக்கும் ஊசிகளால் வேகமாக இளைப்பவர்களுக்கும் இதே ஆபத்து உண்டு. உங்கள் அண்ணிக்குப் பித்தப்பை இன்னும் இருந்தால், கல் வராமல் தடுக்கும் உர்சோடியாக்ஸிகோலிக் அமில மாத்திரை தரப்பட்டதா என்று கேட்டுப்பாருங்கள். அறுவைக்குப் பிறகு ஆறு மாதம் அதைச் சாப்பிட்டால் கல் உண்டாகும் வாய்ப்பு நன்றாகவே குறைகிறது.

அக்கா சொன்ன ஆலிவ் எண்ணெய் வைத்தியம் கைப்பேசிகளில் பல வருடமாகச் சுற்றி வருகிறது. மறுநாள் காலை மலத்தில் பச்சை நிறத்தில் மென்மையான உருண்டைகள் மிதக்கும். அவற்றைப் படம் பிடித்துக் கல் வெளியேறிவிட்டது என்று மற்றவர்களுக்கு அனுப்புவார்கள். அவை கற்களே அல்ல. குடித்த எண்ணெய், குடலின் செரிமான நீரோடு சேர்ந்து உண்டாகும் சோப்புக் கட்டிகள். ஆய்வகத்தில் சோதித்துப் பார்த்தும் இதை உறுதி செய்திருக்கிறார்கள். பயனில்லாததோடு போனால் பரவாயில்லை. ஒரு கோப்பை எண்ணெய் உள்ளே போனால் பை வெறிகொண்டு சுருங்கும். சின்னக் கல் ஒன்று தள்ளப்பட்டு, பித்தநீரைக் குடலுக்குக் கொண்டுபோகும் பொதுப் பித்தநாளத்தில் விழுந்துவிட்டால் மஞ்சள் காமாலையோ கணைய அழற்சியோ வரலாம். கணைய அழற்சியில் உயிரிழந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதைக் குடிக்காதீர்கள். அக்காவின் அக்கறையை நான் மதிக்கிறேன். அந்த அக்கறையோடு அவர் உங்களை மருத்துவரிடம் அழைத்துப் போகட்டும்.

கல் இருக்கும் எல்லோருக்கும் அறுவை வேண்டியதில்லை. வேறு எதற்கோ ஸ்கேன் எடுக்கும்போது தற்செயலாகத் தெரியும், ஒருநாளும் வலி தராத கற்களைப் பெரும்பாலும் அப்படியே விட்டுவிடுகிறோம். அவர்களில் பெரும்பாலோருக்குக் கடைசி வரை எந்தத் தொல்லையும் வருவதில்லை. ஆனால் ஒருமுறை வலித்துவிட்டால் கணக்கு மாறிவிடுகிறது. உங்களுக்கு மூன்று முறை வலித்திருக்கிறது, போதாததற்குச் சர்க்கரை நோயும் இருக்கிறது. சர்க்கரை நோயாளிகளுக்குப் பித்தப்பை சீழ்ப்பிடித்து அழுகும் நிலைக்குப் போனாலும் வலி மங்கலாகவே தெரியலாம். அதனால்தான் தள்ளிப்போடாதீர்கள் என்கிறேன்.

கல்லை மட்டும் எடுத்துவிட்டுப் பையை விட்டுவைக்க முடியாதா என்பது எல்லோரும் கேட்கும் கேள்வி. கல்லை உண்டாக்கியதே அந்தப் பைதான். விட்டுவைத்தால் சில வருடங்களில் மறுபடி நிறைந்துவிடும். 1882ஆம் ஆண்டு பெர்லினில் கார்ல் லாங்கன்பூக் முதன்முதலாகப் பித்தப்பையை முழுதாக அகற்றியபோது சொன்ன காரணமும் இதுதான். அன்றுமுதல் ஒரு நூற்றாண்டு காலம் வலது விலாவுக்குக் கீழே ஒரு சாண் நீளத்துக்குக் கிழித்துத்தான் செய்தார்கள். 1985இல் ஜெர்மனியில் எரிக் மூஹே முதல்முறையாகக் கருவிக் குழாய் வழியே பித்தப்பையை எடுத்தார். அடுத்த சில வருடங்களில் உலகம் முழுக்க லேப்ராஸ்கோப்பி முறை பரவியது.

அரங்குக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்தால் பயம் பாதி குறையும். முழு மயக்கம் தந்தபிறகு தொப்புளருகே ஒரு சென்டிமீட்டர் அளவுக்குத் துளையிட்டு, கரியமில வாயுவைச் செலுத்தி வயிற்றுச் சுவரைக் கூடாரம்போல் உயர்த்துவோம். கேமரா உள்ளே போகும். மேல்வயிற்றில் இன்னும் மூன்று சிறு துளைகள். உதவியாளர் பித்தப்பையின் நுனியைப் பிடித்துக் கல்லீரலுக்கு மேலே தூக்கிக்கொள்வார். பிறகுதான் மெதுவாகச் செய்ய வேண்டிய பகுதி வருகிறது. பையின் கழுத்தைச் சுற்றியுள்ள கொழுப்பையும் சவ்வையும் இழையிழையாக விலக்கிக்கொண்டே போக வேண்டும். பைக்குள் நுழைவது ஒரு குழாயும் ஒரு ரத்தக்குழாயும் மட்டுமே, மூன்றாவதாக எதுவும் இல்லை என்பதும், அவற்றுக்குப் பின்னால் கல்லீரல் தெரிவதும் கண்ணுக்கு நேரே உறுதியான பிறகுதான் கிளிப் போட்டு வெட்டுவோம். அந்தக் காட்சி கிடைக்காத வரை கத்தரி எடுக்கக் கூடாது என்பது இந்த அறுவையின் தலையாய விதி. அவசரப்பட்டால் பித்தநீர் போகும் பெரிய நாளத்தையே வெட்டிவிடும் அபாயம் உண்டு. ஏறக்குறைய 1000 பேரில் 3 முதல் 5 பேருக்கு நேரக்கூடியது அது. நேர்ந்தால் சரிசெய்ய மீண்டும் பெரிய அறுவை தேவைப்படலாம். பழைய வீக்கத்தால் எல்லாம் ஒட்டிப்போய்க் காட்சி தெளியாவிட்டால், வயிற்றைத் திறந்து செய்வதுண்டு. அப்படி ஆனால் மருத்துவர் தோற்றுவிட்டார் என்று நினைக்காதீர்கள். அவர் உங்கள் நலனைத் தேர்ந்தெடுத்திருக்கிறார் என்று பொருள்.

பெரும்பாலோர் மறுநாளே வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். தோள்பட்டை ஓரிரு நாள் வலிக்கும். உள்ளே மிச்சமிருக்கும் வாயு உதரவிதானத்தை உறுத்துவதால் வருவது அது. எழுந்து நடந்தால் விரைவில் குறையும். அலுவலக வேலை என்றால் ஒன்றிரண்டு வாரத்தில் போகலாம். நீங்கள் தொழிற்சாலையில் பெட்டி தூக்குபவராக இருந்தால் நான்கு முதல் ஆறு வாரம் பளு கூடாது. மருத்துவ விடுப்புக் கடிதத்தில் அதையும் தெளிவாக எழுதச் சொல்லிக் கேளுங்கள்.

மாமியாரின் பயத்துக்கு வருகிறேன். பை போனாலும் கல்லீரல் பித்தநீரைச் சுரந்துகொண்டேதான் இருக்கும். சேர்த்து வைக்கும் இடம் இல்லாததால் நேராகக் குடலுக்குச் சொட்டிக்கொண்டிருக்கும். சோறு, சாம்பார், மீன் குழம்பு எல்லாம் முன்போலவே செரிக்கும். முதல் சில வாரங்கள் எண்ணெய்ப் பண்டங்களைக் கொஞ்சமாகச் சாப்பிடுங்கள். சிலருக்கு மலம் இளகிப் போகும். பெரும்பாலும் தானே சரியாகிவிடும், நீடித்தால் மருந்து இருக்கிறது. இன்னொன்றையும் தெளிவாக்கிவிடுகிறேன்: பித்தப்பையை எடுப்பதால் எடை குறையாது, ஏறவும் ஏறாது.

இனி எடைக்கான அறுவை. வாயைக் கட்டினால் போதும் என்று வீட்டில் சொல்வது உங்களை எவ்வளவு புண்படுத்தியிருக்கும் என்று எனக்குத் தெரியும். நீங்கள் வாயைக் கட்டிப் பார்த்தவர். இழந்த எடையைத் திரும்பப் பெற உடல் தன் பசி ஹார்மோன்களை ஏற்றி, எரிபொருள் செலவைக் குறைத்துப் போராடும். அதை மன உறுதியால் மட்டும் ஆண்டுக்கணக்கில் வெல்வது மிகச் சிலருக்கே முடிகிறது. மலேசியாவில் 2023ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில் பெரியவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர், 54.4 விழுக்காட்டினர், அதிக எடையோடோ உடல் பருமனோடோ இருப்பது தெரியவந்தது. ஒரு நாட்டில் பாதிப் பேருக்கு மன உறுதி இல்லாமல் போய்விட்டது என்று யாரும் சொல்ல முடியாது. இது நோய். இந்த வாக்கியத்தை உங்கள் வீட்டாரிடம் வாசித்துக் காட்டுங்கள்.

உங்கள் உடல் எடைக் குறியீட்டெண் (பிஎம்ஐ) ஏறத்தாழ 41. 2022இல் வெளியான பன்னாட்டு வழிகாட்டுதல், 35ஐத் தாண்டிய எவருக்கும் வேறு நோய் இல்லாவிட்டாலும் அறுவையைப் பரிந்துரைக்கிறது. ஆசியர்களான நமக்குக் குறைந்த எடையிலேயே சர்க்கரை நோய் வருவதால் 27.5இலிருந்தே அதை ஒரு வாய்ப்பாக வைக்கலாம் என்கிறது. ஆகவே நீங்கள் தகுதியானவர்தான். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

உங்கள் அண்ணிக்குச் செய்த ஸ்லீவ் அறுவையில் இரைப்பையின் வெளிவளைவு நெடுக ஸ்டேப்ளரால் தைத்து, நான்கில் மூன்று பங்குக்கும் மேலாக வெட்டி எடுத்துவிடுவார்கள். வாழைப்பழ வடிவில் ஒரு குறுகிய குழாய் மிஞ்சும். பசியைத் தூண்டும் கிரெலின் ஹார்மோன் அதிகம் சுரக்கும் பகுதியும் வெட்டுப்பட்டுப் போவதால், கொஞ்சம் சாப்பிட்டால் போதும் என்பதோடு சாப்பிட வேண்டும் என்ற தவிப்பும் குறைகிறது. வெட்டியதைத் திரும்ப ஒட்ட முடியாது. நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்கு அது அதிகமாகலாம். அதனால் முன்கூட்டியே எண்டோஸ்கோப்பி செய்து பார்ப்பது நல்லது. பைபாஸ் என்பது வேறு. இரைப்பையின் மேல்முனையில் சுமார் 30 மில்லிலிட்டர் மட்டுமே கொள்ளும் சிறு அறையைப் பிரித்து, சிறுகுடலை மேலே இழுத்து அதோடு நேராக இணைப்பார்கள். உணவு இரைப்பையின் மீதிப் பகுதியையும் குடலின் தொடக்கத்தையும் தொடாமல் போய்விடும். சர்க்கரை நோய்க்கும் நெஞ்செரிச்சலுக்கும் பைபாஸ் மேலானது. சத்துக் குறைபாடு அதில் அதிகம். இனிப்பு சாப்பிட்டால் படபடப்பும் வியர்வையும் வரலாம். புகைப்பவருக்கும், மூட்டுவலி மாத்திரைகளை அடிக்கடி விழுங்குபவருக்கும் இணைப்பில் புண் வரலாம். இரைப்பையைச் சுற்றிப் பட்டை போடும் முறை ஒரு காலத்தில் பிரபலமாக இருந்தது. இப்போது பெரும்பாலும் கைவிடப்பட்டுவிட்டது. விழுங்கவைக்கும் பலூன் வகைகள் சில மாதங்களுக்குத்தான். எடுத்த பிறகு எடை திரும்புவது சகஜம்.

அண்ணி 30 கிலோ குறைந்தார் என்பதால் நீங்களும் அதையே எதிர்பார்க்காதீர்கள். ஸ்லீவ் செய்தவர்கள் ஒன்றரை வருடத்தில் சராசரியாக மொத்த எடையில் நான்கில் ஒரு பங்கை இழக்கிறார்கள். பைபாஸில் இன்னும் கொஞ்சம் கூடுதல். 98 கிலோவில் அது 24, 25 கிலோ. அதாவது நீங்கள் 73, 74 கிலோவில் நிற்பீர்கள். மெலிந்த தோற்றம் இல்லைதான். ஆனால் முழங்காலுக்கும் ரத்த அழுத்தத்துக்கும் அது பெரிய விடுதலை. ஆறு வருடச் சர்க்கரை, இன்னும் இன்சுலின் தேவைப்படாத நிலை என்பதால், மாத்திரையே இல்லாமல் சர்க்கரை கட்டுக்குள் வரும் நல்ல வாய்ப்பும் உங்களுக்கு இருக்கிறது. பல வருடம் கழித்துச் சிலருக்கு எடையும் சர்க்கரையும் ஓரளவு திரும்புவதுண்டு.

அண்ணியிடம் கேட்க வேண்டியது எத்தனை கிலோ என்பதை அல்ல. முதல் மாதத்தில் எப்படிச் சாப்பிட்டார் என்பதை. முதல் நாட்களில் கையில் கொடுப்பது மருந்து குடிக்கும் அந்தச் சின்னப் பிளாஸ்டிக் கிண்ணம், 30 மில்லிலிட்டர். அதில் தண்ணீரையோ தெளிந்த சூப்பையோ ஊற்றி மிடறு மிடறாகக் கால் மணி நேரம் குடிக்க வேண்டும். அவசரமாக ஒரு மடக்கு விழுங்கினால் நெஞ்சில் அடைத்துக்கொள்ளும். பிறகு பால், மசித்த உணவு, மென்மையான உணவு என்று ஐந்தாறு வாரம் படிப்படியாகப் போக வேண்டும். அதன்பிறகும் முதலில் முட்டை, மீன், தயிர், பருப்பு. நாளுக்கு 60 கிராமாவது புரதம் சேர வேண்டும். சோறு கடைசியாகச் சில வாய். ரொட்டி சானாய் போன்ற மாவுப் பண்டம் பசைபோல் உள்ளே தங்கிவிடும். சாப்பிடும்போது தண்ணீர் குடிக்கக் கூடாது, அரை மணி நேரம் கழித்துத்தான். தே தாரிக், மைலோ போன்ற இனிப்புப் பானங்கள் தடையின்றி உள்ளே இறங்கும் என்பதால், வெட்டிய இரைப்பையையும் அவை ஏமாற்றிவிடும். பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி ஆகியவற்றை ஆயுள் முழுக்கச் சாப்பிட வேண்டும். குறிப்பாகப் புரட்டாசியில் மட்டுமல்லாமல் வருடம் முழுக்கச் சைவமாக இருப்பவர்கள் பி12ஐ விட்டுவிடக் கூடாது. ஆண்டுதோறும் ரத்தப் பரிசோதனை. வாந்தி நிற்காமல் தொடர்ந்தால் தயாமின் என்ற வைட்டமின் வற்றி மூளையே பாதிக்கப்படலாம். அது அவசர நிலை. கருத்தரிப்பதாக இருந்தால் ஒரு வருடம் முதல் ஒன்றரை வருடம் தள்ளிப்போட வேண்டும். 43 வயதில் இதெல்லாம் எதற்கு என்று நினைக்காதீர்கள். எடை குறையும்போது கருத்தரிக்கும் வாய்ப்பு எதிர்பாராமல் கூடும்.

அனுபவமுள்ள மையங்களில் இந்த அறுவையால் உயிரிழப்பது ஆயிரத்தில் ஒருவர் என்ற அளவில்தான். ஆனாலும் தையல் வரிசையில் கசிவு, ரத்தக் கசிவு, கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறைதல் ஆகியவை நேரக்கூடும். கசிவு பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்துக்குள் வரும். காய்ச்சலுக்கு முன்பே நாடித்துடிப்பு கூடுவதுதான் அதன் முதல் அறிகுறி.

இப்போது உங்கள் முக்கியக் கேள்வி: ஒரே மயக்கத்தில் இரண்டையும் செய்யலாமா? செய்ய முடியும். கல்லால் வலிப்பவருக்கு ஸ்லீவ் செய்யும்போதே பித்தப்பையையும் எடுப்பதுண்டு. உங்களுக்கு அதை நான் விரும்பவில்லை. மூன்று மாதச் சராசரி 9.4 என்பது அதிகம். எடை அறுவைக்கு முன் அதைக் குறைக்க வேண்டும். உணவு ஆலோசகரையும் மயக்க மருத்துவரையும் பார்க்க வேண்டும். தூக்கத்தில் மூச்சுத் திணறல் இருக்கிறதா என்று சோதிக்க வேண்டும். கொழுப்பேறிய கல்லீரலைச் சுருக்க இரண்டு வாரமாவது குறைந்த கலோரி உணவில் இருக்க வேண்டும். இதற்குச் சில மாதங்கள் ஆகும். பித்தப்பை அதுவரை பொறுத்துக்கொண்டிருக்கும் என்று நம்ப எந்தக் காரணமும் இல்லை. முதலில் அதை எடுத்துவிடுங்கள். காயம் ஆறி, சர்க்கரை இறங்கியபின் எடைக்கான அறுவையைப் பேசலாம்.

இந்த வரிசைக்கு இன்னொரு காரணமும் உண்டு. பித்தநாளத்தில் கல் விழுந்திருந்தால், வாய்வழியாக எண்டோஸ்கோப் செலுத்தி, இஆர்சிபி என்ற முறையில் அதை எடுப்போம். பைபாஸ் செய்தவருக்கு அந்தப் பாதையே துண்டிக்கப்பட்டிருக்கும். வழக்கமான எண்டோஸ்கோப் அங்கே எட்டாது. ஆகவே பைபாஸ் பற்றிப் பேச்சு வரும் முன்பே பித்தநாளம் சுத்தமாக இருக்கிறது என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். கல்லீரல் ரத்தப் பரிசோதனையில் சந்தேகம் இருந்தால், பித்தநாளத்தைப் படம்பிடிக்கும் எம்ஆர்சிபி ஸ்கேன் எடுக்கச் சொல்வார்கள்.

தைப்பூசம் பற்றி. நாற்பத்தெட்டு நாள் ஒருவேளை உணவு என்ற விரதம் இப்போது உங்களுக்கு வேண்டாம். நாள் முழுக்கப் பட்டினி கிடந்தால் பித்தநீர் தேங்கும். மாலையில் எண்ணெயில் பொரித்ததைச் சாப்பிட்டால் பை அடைபடும். சர்க்கரை மாத்திரையோடு பட்டினி இருப்பதும் ஆபத்து. சைவ உணவை மூன்று வேளையும் அளவாகச் சாப்பிட்டு விரதம் காக்கலாம். அதை முருகன் குறையாக எண்ணமாட்டார். அறுவை முடிந்து ஆறு வாரம் ஆகியிருந்தால் தண்ணீர்மலை முருகன் கோயிலின் ஐந்நூறுக்கும் மேற்பட்ட படிகளை நிதானமாக ஏறலாம். அதற்கு முன்பே திருநாள் வந்துவிட்டால் குடத்தை வேறு யாராவது சுமக்கட்டும். நீங்கள் கூட நடந்து போங்கள்.

செலவு பற்றிக் கேட்கவில்லை என்றாலும் சொல்லிவிடுகிறேன். பித்தப்பை அறுவை அரசு மருத்துவமனைகளில் வழக்கமாக நடக்கிறது. நாட்டின் குடிமக்களுக்குக் கட்டணம் மிகக் குறைவு, ஆனால் காத்திருப்பு உண்டு. மெடிக்கல் கார்டு என்ற மருத்துவக் காப்பீடு வைத்திருப்பவர்கள், அண்மையில் எடுத்ததாக இருந்தால், பித்தக்கல் போன்ற சில நோய்களுக்குத் தொடக்கத்தில் 120 நாள் காத்திருப்பு இருக்கிறதா என்று பாருங்கள். எடைக்கான அறுவையைப் பெரும்பாலான கார்டுகள் ஏற்பதில்லை. தனியாரில் அது பல்லாயிரம் ரிங்கிட் ஆகும். கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையம், செராஸில் உள்ள தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனை போன்ற இடங்களில் எடைக்கான அறுவைக் குழுக்கள் இருக்கின்றன. எங்கே செய்தாலும், அறுவைக்குப் பிறகு ஐந்து வருடம் யார் என்னைப் பார்ப்பார்கள் என்று கேளுங்கள். அதற்குத் தெளிவான பதில் இல்லாத இடத்தில், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும், செய்துகொள்ளாதீர்கள்.

இந்த வாரமே உங்கள் வட்டார அரசு கிளினிக்குக்குப் போய், ஸ்கேன் அறிக்கையைக் காட்டி, அறுவை நிபுணருக்குப் பரிந்துரைக் கடிதம் வாங்குங்கள். மூன்று முறை அவசரப் பிரிவுக்குப் போன தேதிகளை ஒரு தாளில் எழுதிக்கொடுங்கள். வரிசையில் உங்களை முன்னே கொண்டுவர அது உதவும். சாப்பிடும் மருந்து எல்லாவற்றையும் பையோடு கொண்டுபோங்கள். நாட்டு மருந்து, ஜமு என்ற மலாய் மூலிகை மருந்து, எடை குறைக்கும் ஊசி எதையும் மறைக்காதீர்கள். எம்பாகிளிஃப்ளோஸின், டாபாகிளிஃப்ளோஸின் வகைச் சர்க்கரை மாத்திரைகளை அறுவைக்குச் சில நாள் முன்பே நிறுத்த வேண்டும். எடை குறைக்கும் ஊசி இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்துவதால் மயக்க மருத்துவருக்கு அது கட்டாயம் தெரிய வேண்டும்.

நாள் குறிக்கும் வரை எண்ணெய், தேங்காய்ப்பால், வறுவல் ஆகியவற்றைக் குறைத்து, நேரம் தவறாமல் சிறிது சிறிதாகச் சாப்பிடுங்கள். வலி ஐந்தாறு மணி நேரத்துக்கு மேல் விடாமல் இருந்தாலோ, காய்ச்சலோடு குளிர் நடுங்கினாலோ, கண் மஞ்சளாகி, சிறுநீர் தேநீர் நிறத்திலும் மலம் வெளிறியும் போனாலோ, வலி முதுகைத் துளைத்துக்கொண்டு வாந்தி நிற்காமல் வந்தாலோ, விடியட்டும் என்று காத்திருக்காமல் அன்றிரவே செபராங் ஜெயா மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். பதிவு செய்யும்போதே, பித்தப்பையில் கல் இருப்பதாகச் சொல்லி ஸ்கேன் அறிக்கையை அவர்கள் கையில் கொடுத்துவிடுங்கள்.